இருக்கும் வேலையும் தேடும் வேலையும்

வேலை கிடைக்காமல் அலையும் இளைஞனைப் பற்றி நாவலாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலை போய்விட்ட குடும்பஸ்தனைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஒரே எஜமானிடம் கடைசிவரை உழைத்து ஓய்ந்தவனும் பல கதைகளில் வருகிறான். இந்த மூவரைத் தவிர நாலாவது ஆசாமி ஒருவன் உண்டு. அவனுக்கு வேலை இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. இருந்தும் யாருக்கும் தெரியாமல் இன்னொரு வேலைக்கு மனுப் போடுகிறான். தலைவலி என்றோ, ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார் என்றோ அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வேறொரு ஆபீஸின் வராந்தாவில் இண்டர்வியூவுக்காகப் போய் உட்காருகிறான். தன் பெயரைக் கூப்பிடும் வரையில் தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்பட்டுவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம்மில் பலர் ஒரு தடவையாவது அந்த வராந்தாவில் உட்கார்ந்தவர்கள்தாம். ஆனாலும் அவன் கதாபாத்திரமாக ஆனது மிகவும் குறைவு.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. அவன் பட்டினி கிடக்கவில்லை. ஆகையால் அவனிடம் பரிதாபம் பிறப்பதில்லை. பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஆகையால் மரியாதையும் பிறப்பதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு வீட்டு உப்பைத் தின்றுகொண்டே அடுத்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிறவனைக் கதாநாயகனாக்க எழுத்தாளனுக்கே கை கூசுகிறது போலும்.

கை கூசாமல் எழுதியவள் ஒருத்தி இருக்கிறாள். சார்லட் பிராண்ட்டி 1847ல், கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' என்ற நாவலை ஆங்கிலம் படித்த வாசகர்கள் அநேகமாக எல்லோரும் படித்திருப்பார்கள். படித்தவர்களைக் கேட்டால் நள்ளிரவில் கேட்கும் சிரிப்பு, மாடியில் அடைபட்டிருக்கும் பைத்தியக்காரி, நெருப்பு, கண்ணிழந்த ராச்செஸ்டர், இவற்றைத்தான் சொல்வார்கள். காதல் கதை என்றுதான் அது நம் நினைவில் நிற்கிறது. ராச்செஸ்டர் எப்போது வருவான் என்ற அவசரத்தில் பத்தாவது அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவதைப் பற்றி எந்தப் பாஷையிலும் அதைவிட நல்ல அத்தியாயத்தை நான் படித்ததில்லை.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். ஜேன் தாய் தகப்பன் அற்றவள். அவளைப் பத்து வயதில் அவளுடைய மாமி மிஸஸ் ரீட், லோவுட் என்ற தர்மப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே எட்டு வருஷம் கழிகிறது. ஆறு வருஷம் மாணவி. இரண்டு வருஷம் உபாத்தியாயினி. சம்பளம் வருஷத்துக்கு 15 பவுன். அவளிடம் அன்பு காட்டிய தலைமை உபாத்தியாயினி மிஸ் டெம்பிள் கல்யாணம் செய்துகொண்டு தொலைவில் உள்ள ஜில்லாவுக்குப் போய்விடுகிறாள். அன்று மாலைக்குள் ஜேனுக்கு அந்த எட்டு வருஷமும் ஒரேயடியாக அலுத்துப்போகிறது. ஜன்னலருகே நின்று, மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போய் மறையும் வெள்ளைச் சாலையைப் பார்க்கிறாள். முதலில் சுதந்திரம் வேண்டும் என்று பிரார்த்திக்கிறாள். அது காற்றோடு போகிற வார்த்தை என்று பட்டதும், ஒரு மாறுதலாவது வேண்டும் என்று கேட்கிறாள். அதுவும் கிட்டாது போலத் தோன்றவே, வேறொரு இடத்து ஊழியமாவது கிடைக்கட்டும் என்று இறங்கி வருகிறாள்.

இந்த மூன்று படி இறக்கம் ரொம்பவும் உண்மையானது. புது வேலைக்கு மனுப் போடுகிற யாரும் விடுதலையைத் தேடிப் போவதில்லை. மேஜை மாறும், மேலதிகாரி மாறுவார், சம்பளம் கொஞ்சம் கூடும் என்பதற்கு மேல் அவர்கள் ஆசைப்படுவதில்லை. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அதை ஒரே சாயங்காலத்தில் கண்டுகொள்கிறாள்.

ஆனால் வேலையை எப்படித் தேடுவது? சிநேகிதர்கள் இருப்பவர்கள் சிநேகிதர்களிடம் சொல்லி வைப்பார்கள். அவளுக்கு யாரும் இல்லை. இரவு படுக்கையில் உட்கார்ந்து யோசிக்கிறாள். பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம் என்று தோன்றுகிறது. விடிந்ததும், பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் விளம்பரத்தை எழுதி முடித்துவிடுகிறாள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீடு வேண்டும் என்று குறிப்பிடுகிறாள். தனக்கே பதினெட்டுதான் ஆகிறது, தன் வயதுக்கு நெருங்கியவர்களுக்குப் பாடம் சொல்லப் போனால் சரிப்படாது என்பது அவள் கணக்கு. பதில் ஜே. இ. என்ற எழுத்துக்களுக்கு, லோட்டன் தபாலாபீஸில் வந்து கிடக்க வேண்டும். காகிதத்தை நாள் முழுவதும் மேஜை அறையில் பூட்டி வைக்கிறாள். மாலையில், தனக்கும் சக உபாத்தியாயினிகளுக்கும் சில்லறைச் சாமான்கள் வாங்க வேண்டும் என்று புதுத் தலைமை உபாத்தியாயினியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மழை ஈரத்தில் இரண்டு மைல் நடந்து போய்த் தபாலில் சேர்க்கிறாள்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுபடியும் ஒரு சாக்கு வேண்டுமே? காலணிக்கு அளவு கொடுக்கப் போகிறேன் என்கிறாள். போனவள் நேரே தபாலாபீஸுக்கு ஓடவில்லை. முதலில் செருப்புத் தைப்பவர் கடைக்குப் போய் உண்மையாகவே அளவு கொடுக்கிறாள். அப்புறம் தெருவைக் கடந்து எதிரே தபாலாபீஸுக்குள் நுழைகிறாள். மூக்குக்கண்ணாடி போட்ட கிழவி ஒருத்தி அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறாள். எட்டு மணிக்குள் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும் என்பது விதி, மணியோ ஏழரை. அங்கே நின்று பிரிக்க முடியாது. இரவு, அதே அறையில் படுக்கும் மிஸ் கிரைஸ் குறட்டை விடத் தொடங்கியபிறகு, மிச்சமிருக்கும் ஓர் அங்குல மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் படிக்கிறாள். பத்து வயதுக்கு உட்பட்ட ஒரே ஒரு பெண் குழந்தை. வருஷத்துக்கு 30 பவுன். லோவுட் கொடுப்பதைப்போல் சரியாக இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் விமர்சகன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஜேனின் குணத்திலேயே முக்கியமானது அவளுடைய சத்தியம். பத்து வயதில் பிராக்கில்ஹர்ஸ்ட் என்ற பொக்கிஷதாரர் அவளை ஒரு முக்காலிமேல் ஏற்றிவைத்து, இவள் பொய்காரி என்று பள்ளிக்கூடம் முழுவதுக்கும் அறிவிக்கிறான். பட்டினியையும் குளிரையும் சகித்துக்கொண்ட பெண் அந்த ஒரு வார்த்தையைத் தாங்காமல் தரையில் விழுந்து அழுகிறாள். அப்படிப்பட்டவள் இங்கே இரண்டு தடவை சாக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். மனச்சாட்சி உறுத்தியதாக ஒரு வரி கூட இல்லை. நாவலாசிரியை மறந்துவிட்டாளா?

மறக்கவில்லை என்பதற்கு அந்தக் காலணி அளவே சாட்சி. ஜேன் சொன்னது எதுவும் பொய்யல்ல. சாமான் வாங்க வேண்டும் என்றாள், வாங்கினாள். அளவு கொடுக்க வேண்டும் என்றாள், கொடுத்தாள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை லோவுட்டுக்கு உண்டா என்பதுதான் கேள்வி. அவளுடைய நாளும் உழைப்பும் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். நாளைக்கு அவள் எங்கே இருக்க விரும்புகிறாள் என்பது பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமல்ல. பொய் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உபதேசம் செய்யாமல், ஒரு கடை வாசலில் நடக்கும் சின்னக் காரியத்தால் காட்டிவிடுகிறாள் சார்லட் பிராண்ட்டி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த மறுநாளே, மத்தியான ஓய்வு நேரத்தில், ஜேன் தலைமை உபாத்தியாயினியைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். காலூன்ற இடம் கிடைக்கிற வரையில்தான் ரகசியம்.

நாவல் வெளிவந்த அடுத்த வருஷம், 1848 டிசம்பரில், 'குவார்ட்டர்லி ரெவ்யூ' பத்திரிகையில் ஒரு கடுமையான மதிப்புரை வந்தது. கையெழுத்தில்லாமல் அதை எழுதியவள் எலிசபெத் ரிக்பி. ஜேன் நன்றி கெட்டவள் என்பது அவள் சாட்டிய குற்றங்களில் முக்கியமானது. அநாதையாகப் பிறந்தவளுக்குச் சோறு போட்டு, துணி கொடுத்து, படிக்கவும் வைத்திருக்கிறார்கள். அவளோ அதெல்லாம் தனக்கு வரவேண்டிய பாக்கி என்பதுபோல் நடந்துகொள்கிறாள் என்று ரிக்பி கோபப்படுகிறாள். நூற்றெழுபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் இந்தக் குரல் நமக்குப் பழக்கமானதாகவே இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை நீட்டியதும், 'உன்னை ஆளாக்கினது யார்?' என்று கேட்கும் மேலதிகாரியின் குரல்தான் இது.

லோவுட் கொடுமையான இடம், அங்கே கருகிய கஞ்சி கொடுத்தார்கள், விஷஜுரத்தில் குழந்தைகள் செத்தார்கள், அதற்கு என்ன நன்றி என்று சிலர் ஜேனுக்காக வாதாடுவார்கள். அந்த வாதம் பிசகு. அவள் வேலை தேடும் காலத்தில் லோவுட் அந்த லோவுட் அல்ல. விஷஜுரத்துக்குப் பிறகு விசாரணை நடந்து, நிர்வாகம் சீர்திருந்தி, அது உபயோகமான ஸ்தாபனமாகிவிட்டது என்று ஜேனே ஒப்புக்கொள்கிறாள். ஆகவே அவள் கொடுமையிலிருந்து தப்பி ஓடவில்லை. சுமாரான இடத்திலிருந்து, கொஞ்சம் பெரிய உலகத்தைப் பார்க்கும் ஆசையால் கிளம்புகிறாள். கொடுமைக்காரனை விட்டு ஓடுகிறவனுக்கு எல்லோரும் அநுதாபப்படுவார்கள். சுமாரான எஜமானை விட்டுப் போகிறவனுக்கு நியாயம் காட்டுவதுதான் சிரமம். அந்தச் சிரமமான பக்கத்தை நாவல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மேலும், மிஸ் டெம்பிளும் லோவுட்டை விட்டுத்தான் போனாள். அவளை யாராவது நன்றி கெட்டவள் என்றார்களா? அவள் கல்யாணத்துக்காகப் போனாள். பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுமுறை விட்டுக் கொண்டாடினார்கள். ஒரு பெண் புருஷனுக்காக வேலையை விட்டால் விழா. 15 பவுனுக்குப் பதில் 30 பவுனுக்காக விட்டால் நன்றிக்கேடு. ரிக்பியின் கோபத்தில் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. நாவலில் இரண்டு புறப்பாடுகளையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவு ரகசியம் ஏன் தேவைப்படுகிறது? அதற்கும் அந்த அத்தியாயத்திலேயே விடை இருக்கிறது. புது இடத்துக்கு நற்சான்று வேண்டும். நற்சான்று கொடுக்க வேண்டியவர்கள் பழைய இடத்துக்காரர்கள். அதாவது, யாரை விட்டுப் போகிறாளோ அவர்கள் கையெழுத்தில்லாமல் போக முடியாது. ஜேன் தலைமை உபாத்தியாயினியிடம் சொல்ல, அவள் பிராக்கில்ஹர்ஸ்டிடம் சொல்ல, அவன் மாமி மிஸஸ் ரீடுக்கு எழுத வேண்டும் என்கிறான். எட்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மாமியின் சம்மதம்! அவள் எப்படியாவது போகட்டும், தனக்குச் சம்பந்தமில்லை என்று மிஸஸ் ரீட் பதில் எழுதுகிறாள். அந்தக் கடிதம் கமிட்டி அங்கத்தினர்கள் எல்லோரிடமும் சுற்றி வருகிறது. சலித்துப்போகும் அளவுக்குத் தாமதமான பிறகு அனுமதி கிடைக்கிறது. ஒரே பாராவில் ஆபீஸ் உலகத்தையே சித்திரித்துவிட்ட இந்த இடத்தின் ஹாஸ்யம் நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும். நம் சர்க்கார் உத்தியோகஸ்தன் இன்னொரு வேலைக்கு மனுப் போட்டால் இன்றும் 'முறையான வழியாக'த்தான் போட வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று இலாகா சான்று தர வேண்டும். தனியார் கம்பெனிகளில் அந்தக் காகிதத்துக்கு 'ரிலீவிங் லெட்டர்' என்று பெயர். 90 நாள் நோட்டீஸ் கேட்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, சாவி மட்டும் எஜமானிடம் இருக்கிறது என்ற நிலைமையில், எவன் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லுவான்?

சொல்லாமல் இருப்பது வேலைக்காரன் ஒருவன்தானா? இங்கேதான் நாவலின் அமைப்பு என்னை மிகவும் கவர்கிறது. மிஸஸ் ஃபேர்ஃபாக்ஸின் கடிதத்தை ஜேன் நெடுநேரம் ஆராய்கிறாள். எழுத்துப் பழைய மோஸ்தர், கொஞ்சம் நடுங்குகிறது, வயதான அம்மாளாக இருக்க வேண்டும், ஆகவே கௌரவமான வீடு. இண்டர்வியூ என்று ஒன்று நடக்கவில்லை. அவள்தான் அந்தக் காகிதத்தை இண்டர்வியூ செய்கிறாள். தார்ன்ஃபீல்ட் மாளிகைக்குப் போனபிறகுதான், கடிதம் எழுதியவள் வீட்டை நிர்வகிப்பவள் மட்டுமே, சொந்தக்காரர் ராச்செஸ்டர் என்று தெரிகிறது. சொந்தக்காரருக்கு மனைவி இருப்பதும், அவள் பைத்தியமாக மூன்றாவது மாடியில் அடைபட்டிருப்பதும் அவளுடைய கல்யாணத்தன்று சர்ச்சில்தான் தெரிகிறது.

ஜேன் லோவுட்டிடம் மறைத்தது ஒரு தபால். தார்ன்ஃபீல்ட் ஜேனிடம் மறைத்தது ஒரு மாடி. வேலை கொடுப்பவனும் வேலை கேட்பவனும் ஒருவருக்கொருவர் முழு உண்மையையும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் நம்பிக்கைத் துரோகம் என்ற வார்த்தை எப்போதும் வேலைக்காரன் பக்கத்துக்கே கொடுக்கப்படுகிறது. ரிக்பியின் மதிப்புரையில் மட்டுமல்ல, நம்முடைய பேச்சிலும் அப்படித்தான்.

ராச்செஸ்டர் விஷயத்தில் இன்னொரு நுட்பமான இடம் உண்டு. அவன் வேறொருத்தியை மணக்கப் போவதாகப் பேச்சு நடக்கும்போது, தனக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும், விளம்பரம் செய்வேன் என்கிறாள் ஜேன். ஊருக்குப் போகிறவளுக்குச் சம்பளப் பாக்கியில் பத்துப் பவுன் கொடுத்திருந்தவன் அதைக் கேட்டதும் ஒன்பது பவுனைத் திருப்பிக் கொடு என்கிறான்! விளம்பரம் செய்யக் கூடாது, உனக்கு இடம் தேடுவதை என்னிடம் விட்டுவிடு என்று வாக்குறுதி கேட்கிறான். காதலனின் விளையாட்டு என்று ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் காதலன் பேசும்போதே எஜமானும் சேர்ந்து பேசுகிறான். அவளுக்கு அடுத்த இடம் எது என்பதையும் தானே தீர்மானிக்க வேண்டும் என்ற ஆசை அது. பிறகு அயர்லாந்தில் ஐந்து பெண்களுக்குப் பாடம் சொல்ல இடம் பார்த்திருக்கிறேன் என்று அவளை அழவைப்பதும் அதே ஆசைதான். விளம்பரம் கொடுக்கத் தெரிந்தவளிடம் அவனுக்கு ஒரு பயம் இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. அடுத்த வேலையைத் தேட முடிந்தவளால்தான் இந்த வேலையில் மறுத்துப் பேச முடியும். இதை நாவல் மறுபுறத்திலிருந்தும் காட்டுகிறது. ராச்செஸ்டரின் கல்யாண ரகசியம் வெளிப்பட்டதும் ஜேன் விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். இந்தத் தடவை விளம்பரமும் இல்லை, கடிதமும் இல்லை. கையில் 20 ஷில்லிங். அதை வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு எவ்வளவு தூரமோ அங்கே இறங்கி, மூட்டையையும் வண்டியிலேயே மறந்துவிட்டு, கிராமத்தில் வேலை கேட்டு நடக்கிறாள். தையல் வேலை இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்கிறாள். இருக்கிறவர்களுக்கே வேலை போதவில்லை. வேலைக்காரி வேண்டுமா என்று ஒரு வீட்டில் கேட்கிறாள், வேண்டாம். ரொட்டிக்குப் பதிலாகக் கைக்குட்டையை நீட்டினால், இது உனக்கு எப்படிக் கிடைத்ததோ என்கிறாள் கடைக்காரி. கடைசியில் பன்றிக்குக் கொட்டப் போகும் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

அதே ஜேன், அதே படிப்பு, பிரெஞ்சும் சித்திரமும் சங்கீதமும் தெரிந்தவள். லோவுட்டில் இருந்துகொண்டு விளம்பரம் செய்தபோது எத்தனை வயதுக் குழந்தைகள் வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். இங்கே அவள் கேட்பதையே யாரும் காதில் வாங்கவில்லை. இருக்கிற வேலையை விடாமல் அடுத்ததைத் தேடு என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதியை இதைவிட உறைக்கும்படி யாரும் எழுதிவிட முடியாது. இங்கே ஓர் ஒப்புமையும் சொல்ல வேண்டும். சார்லட்டின் தங்கை ஆன் பிராண்ட்டி எழுதிய 'ஆக்னெஸ் கிரே'யும் 1847ல்தான் வந்தது. அதன் கதாநாயகியை முதல் வீட்டார் நீக்கிவிடுகிறார்கள். அவள் ஊருக்குத் திரும்பி, தாயாரோடு கலந்து பேசி, சாவகாசமாக விளம்பரம் செய்கிறாள். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. அந்தக் காலத்து வீட்டு உபாத்தியாயினிக்கு வேலை போனால் சம்பளத்தோடு சோறும் படுக்கையும் சேர்ந்து போகும். ஆகவே வீடு உள்ளவள் விட்டுவிட்டுத் தேடலாம். வீடில்லாதவள் தேடிவிட்டுத்தான் விட வேண்டும். ஜேனின் ரகசியத்தைக் குணதோஷம் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மனச்சாட்சிக்கும் அடுத்த வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை இன்னும் வெளிப்படையாக எழுதியவர் கஸுவோ இஷிகுரோ. 1989ல் வந்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலில், டார்லிங்டன் பிரபு தம் மாளிகையில் வேலை செய்யும் ரூத், சாரா என்ற இரண்டு பெண்களை, யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நீக்கச் சொல்கிறார். பட்லர் ஸ்டீவன்ஸ் உத்தரவை நிறைவேற்றுகிறார். மாளிகையின் நிர்வாகி மிஸ் கென்டன், அவர்கள் போனால் நானும் போவேன் என்கிறாள். போகவில்லை. வெகு நாள் கழித்து, அது தன் கோழைத்தனம் என்று அவளே சொல்கிறாள். போவதற்கு இடமில்லை, ஓர் அத்தையைத் தவிர உறவில்லை, வெளியே தன்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்ற பயம். மிஸ் கென்டன் நல்லவள். அவள் கைப்பெட்டியில் வேறொரு வீட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்திருந்தால், அந்தப் பெண்களோடு அவளும் வெளியேறியிருப்பாள் என்று நாம் நம்பலாம். ஸ்டீவன்ஸோ வேறு இடம் என்று நினைத்துக்கூடப் பார்க்காதவர். அவருடைய விசுவாசத்தை நாவல் முழுவதும் பார்த்துவிட்டு நமக்குக் கடைசியில் மிஞ்சுவது ஒரு பெருமூச்சுதான்.

ஆர்தர் மில்லர் 1949ல் எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மன்' நாடகத்தின் வில்லி லோமனும் இந்த ஜாதிதான். அண்ணன் அலாஸ்காவுக்குக் கூப்பிட்டபோது, கம்பெனியில் பங்காளியாக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் தங்கிவிட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, வெளியூர் அலையாத வேலை கேட்டுப் பழைய முதலாளியின் மகனிடம் போகிறான். இருந்த வேலையும் போகிறது. கம்பெனி அவனுக்கு எழுத்து மூலம் எதையும் கொடுக்கவில்லை. ஒரு பேச்சை நம்பி அவன் உட்கார்ந்திருந்தான்.

சார்லட் பிராண்ட்டிக்கு இதெல்லாம் கேள்வி ஞானமல்ல. 1841ல் ராடன் என்ற ஊரில் ஒரு குடும்பத்தில் அவள் உபாத்தியாயினியாக இருந்தாள். பெயருக்கு 20 பவுன் சம்பளம். சலவைச் செலவைக் கழித்துக்கொண்டு கிட்டத்தட்ட 16 பவுன்தான் கைக்கு வரும். அந்த வீட்டில் இருந்துகொண்டே, பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போய்ப் படிக்கவும், பிறகு சகோதரிகளோடு சொந்தப் பள்ளிக்கூடம் வைக்கவும் திட்டம் போட்டுத் தன் பெரியம்மாவிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுதினாள். 1842 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் போனாள். ஆறு வருஷத்துக்குள் எழுதிய நாவலில் அந்த அங்குல மெழுகுவர்த்தி வந்ததில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு புகழ்ந்தபிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாவலின் பிற்பகுதியில், மடீராத் தீவில் இறந்துபோன சிற்றப்பாவின் சொத்து 20,000 பவுன் ஜேனுக்கு வருகிறது. அதை அத்தை மக்கள் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொண்டும் 5,000 பவுன் மிஞ்சுகிறது. அதன்பின் அவள் வேலை தேட வேண்டியதே இல்லை. கதைக்கு முடிவு கட்ட அது வசதிதான். ஆனால் 15 பவுனும் 30 பவுனும் கிளப்பிய கேள்விக்கு 20,000 பவுன் பதிலாகாது. சொத்து வருவதற்கு முன் மார்ட்டன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், மறுபடியும் அதே 30 பவுன் சம்பளத்தில், கூடத் தங்க ஒரு குடிசையோடு அவள் இருந்தாளே, அங்கிருந்து கதை எப்படிப் போயிருக்கும் என்று ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்தக் கதை எழுதப்படாமலே போய்விட்டது.

அதை எழுத இன்றும் இடம் இருக்கிறது. வேலையில்லாதவனின் பசியை எழுதி அலுத்துவிட்ட நம்முடைய இளம் எழுத்தாளர்கள், அரைநாள் லீவு போட்டுவிட்டு அடுத்த ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவனையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவன் துரோகியும் அல்ல, வீரனும் அல்ல. இருக்கிற இடத்தில் தலை நிமிர்ந்து பேச ஒரு கடிதம் கிடைக்குமா என்று பார்க்க வந்திருக்கிறான். அவனை எழுத உட்காருவதற்கு முன்னால் 'ஜேன் அயர்' நாவலின் பத்தாவது அத்தியாயத்தை, இந்தத் தடவை அவசரப்படாமல், ஒருமுறை படித்துவிடுவது நல்லது.